முதல் பெயர் கைலாசம்

"வீல்ல்ல்!"

ஆராய்ச்சி மாணவி சௌந்திரத்தின் அலறலில் நாமக்கல் கல்லூரியின் வேதியியல் கூடமே அதிர்ந்தது.

தரையில் சரவணமுத்து! அவளோடு ஆராய்ச்சி செய்தவன். பின்மண்டை முழுக்க ரத்தம். மூச்சில்லை. பக்கத்தில் இரும்பு ஸ்டாண்ட்.

அவனுடைய கைடு, பேராசிரியர் கைலாசம் ஓடி வந்தார். "ஐயோ, எம் பையன்!" என்று கதறினார். நன்றாகவே கதறினார்.

சற்று முன் அவன் மண்டையில் போட்டதே அவர்தான்!

பின்னே? ஐந்து வருஷ உழைப்பில் வந்த கட்டுரை. அதில் முதல் பெயராகத் தன் பெயரைப் போட்டுவிட்டான் பாவிப்பயல். கைடு பெயர் கடைசியில்! யாருக்குத்தான் பொறுக்கும்?

கூடத்தில் இத்தனை வருஷமும் சும்மா தொங்கிய தன் வெள்ளைக் கோட்டை இன்றைக்குத்தான் முதல் முறையாக மாட்டினார். சட்டையில் ரத்தம் தெறிக்கக் கூடாதே! வேலை முடிந்ததும், பக்கத்துக் கரும்புக் காட்டில் எரிந்துகொண்டிருந்த காய்ந்த இலைச் சோகைக்குள் அதை வீசினார்.

சாட்சி சாம்பல். கட்டுரை இனி அவருடையது...

இன்ஸ்பெக்டர் அப்புசாமி வந்தார்.

"பையன் என்னங்க ஆராய்ச்சி பண்ணுனான்?"

"பாஸ்பரஸ் வளையமுங்க." கைலாசம் மூக்கை உறிஞ்சினார். "பாஸ்பரஸ் பென்டாகுளோரைடையும் நவச்சாரத்தையும் சேத்திச் சூடு பண்ணோணும். மூணு பாஸ்பரஸ், மூணு நைட்ரஜன்... மாறி மாறிக் கை கோத்துட்டு வட்டமா நிக்கும். எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுங்க."

"சரிங்க... அதுனால என்ன பிரயோசனம்?"

கைலாசம் விழித்தார். கட்டுரையில் அவர் படித்தது பெயர்கள் இருந்த வரியை மட்டும்தான்!

"அது... ரொம்ப ஆழமான விஷயமுங்க."

வாசலில் சத்தம்.

பக்கத்துக் காட்டுக்காரர் சின்னண்ணன் ஒரு குச்சி நுனியில் எதையோ தொங்கவிட்டபடி வந்தார்.

"ஏனுங்க, எங்க காட்டுச் சோகை பூராவும் சாம்பலாப் போச்சு... இது மட்டும் எரியமாட்டேங்குதுங்க! ரத்தமாட்டம் வேற இருக்குது!"

வெள்ளைக் கோட்டு! ஓரத்தில் மட்டும் கருகல். மார்புப் பையில் சிவப்பு நூல் தையல்...

'கைலாசம்'!

"எ... எப்படி எரியாம..." கைலாசம் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அந்த வளையத்தோட பிரயோசனமே அதுதாங்க சார். அதைப் பருத்தித் துணியில ஏத்துனா தீப் புடிக்காது. சோதிச்சுப் பாக்கறதுக்கு சரவணமுத்து அண்ணன் ஒரு துணி தேடுனாரு. 'சார் கோட்டைத்தான் யாரும் தொடறதே இல்லையே'ன்னு சிரிச்சுக்கிட்டே எடுத்து முக்குனாரு..." கைலாசத்தைப் பார்த்தாள். "துணி தீப் புடிக்காதுன்னு கட்டுரையோட ரெண்டாம் பக்கத்துலயே எழுதியிருக்குதுங்க சார்!"

படிக்காத கட்டுரைக்காகக் கொலை செய்த கைலாசம் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அப்புசாமி விலங்கை எடுத்தார்.

"கவலைப்படாதீங்க புரொபசர்... எஃப்.ஐ.ஆர்.ல மொதப் பேரு உங்களுதுதானுங்க. பங்குக்கு வேற யாருமே இல்லீங்க!"