தளம் இறுகுகிற சத்தம்

சொட்டு ஒன்று சிவப்பிரகாசத்தின் தோளில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. தோளில் விழுந்ததை விரலால் தொட்டு முகர்ந்தார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். சுண்ணாம்புத் தளம் போட்டால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, அந்தத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் தட்டி இறுக்குவார்கள். ஆனால் அவர் நின்ற இந்த நாலாவது மாடிக்கு மேலே போட்ட தளம் போன தை மாதமே காய்ந்துவிட்டது. அதற்கு மேல் வானம்தான்.

பாகூரில் ஓட்டு வீடு கட்டினாலே ஊர்க்கண் படும். இவர் அடுக்கியதோ நாலு மாடி. சைகோனிலிருந்து மச்சான் கொண்டுவந்த பத்திரிகையில், மேகத்துக்குள் தலையை விட்டு நிற்கும் அமெரிக்கக் கட்டடம் ஒன்றின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து பிடித்த பித்து அது. உச்சியில் நின்றால் வீராம்பட்டினத்துக் கடல் தெரியவேண்டும். ஊரார் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டும். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனிதருக்கு இந்த ஆசை. நாளைக் காலையில் கிரகப்பிரவேசம். ஊர்த் தலைவர் மேர் துரையே வருகிறார்.

தட். தட்.

மேலே யாரோ தளம் தட்டினார்கள். மேஸ்திரி பக்கிரியைக் கூப்பிட்டார்.

“மேல யாருடா தட்டறது?”

“யாரும் இல்லீங்க. ஆளுங்க எல்லாம் கீழ பந்தல் போடறாங்க.” பக்கிரி கூரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தான். “எனக்கு ரெண்டு வருசமாக் கேக்குதுங்க. ஒங்களுக்கு இன்னைக்குத்தானா?”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

ரெண்டு வருஷம். கீழறைக்கு மேலே முதல் தளம் போட்ட அன்று, தட்ட வந்த மற்றப் பெண்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஓரம் மட்டும் பாக்கி என்று தனக்கொடி தனியாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். அவள் இறங்கட்டும், தளம் காயட்டும் என்று பக்கிரி கெஞ்சினான். அடுத்த மாடிக்கு அவசரப்பட்டு, அடியிலிருந்த தாங்குகட்டைகளை அப்போதே உருவ வைத்தவர் இவர்தான். தளம் அவளோடு கீழறைக்குள் விழுந்தது. இடிபாட்டுக்குள்ளிருந்து அவள் கட்டையால் தட்டினாள். சாவு விழுந்த வீடென்று பேர் வந்துவிட்டால்? “தளம் இறுகற சத்தம்டா. மண்ணக் கொட்டு” என்றார். பக்கிரி அழுதுகொண்டே கொட்டினான். அதன் மேல் தரை போட்டார்கள். மறுநாள் வந்து நின்ற அவள் புருஷனிடம், எவனோடோ ஓடிவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார். அவன் தலைகுனிந்து போனது அப்போது இவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

எவளோ விளையாடுகிறாள், பார்த்துவிடலாம் என்று மொட்டை மாடிக்கு ஏறினார். ஈ காக்கை இல்லை. கிழக்கே கடல் கோடாகத் தெரிந்தது. மேற்கே கரும்புக் கொல்லைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பின் நெடி மட்டும் மூக்கை எரித்தது.

தட்.

தலைக்கு மேலே. வெறும் வானத்தில்.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. இனிப்பு உதட்டுக்கு வழிந்தது.

இறங்கி ஓடினார். நாலாவது மாடியில் கூரை கைக்கு எட்டியது. மூன்றாவதில் தலையை இடித்தது. இரண்டாவதில் குனிந்து ஓடினார். எல்லா மாடியிலும் அதே தட்டல், விடாமல், கூடவே. முதல் மாடியில் தவழ்ந்தார். பக்கிரி, பக்கிரி என்று கத்தினார். வாயில் சுண்ணாம்பு. படி முடிந்தது. கீழறை. வாசல் இல்லை. கூரை முதுகை அழுத்தியது. முழங்கால் மடங்கியது. மார்பு தரையைத் தொட்டது.

இருட்டு.

அசையமுடியவில்லை. கண் எரிந்தது. ஆனால் காது நன்றாகக் கேட்டது. தலைக்கு மேலே காலடிகள். பந்தல்காரர்கள் பேச்சு. முஷ்டியால் ஓங்கிக் குத்தினார். மறுபடியும் குத்தினார்.

“கீழ இன்னா சத்தம் மேஸ்திரி?”

பக்கிரியின் காலடி நேர் மேலே வந்து நின்றது.

“தளம் இறுகுதுபா. நீ வேலையப் பாரு.”

காலடிகள் விலகிப் போயின. அப்போது அவருக்குப் பக்கத்தில் யாரோ நகர்ந்தார்கள். சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்த கை ஒன்று, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டையை வைத்து, மூடியது.

“ரெண்டு வருசம் நான் தட்டினேன்,” என்றாள் தனக்கொடி. “இப்ப நீ தட்டுடா.”