தமிழ் தெரியாத டெலிபோன்

டெலிபோன் அலறியது.

மலாக்கா போலீஸ் ஸ்டேஷனில் ஆள் இல்லாமல் இல்லை. எடுத்தால் வேலை வந்துவிடும் என்பதால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கருணாகரன் எரிச்சலோடு எட்டி எடுத்தார்.

"யாரு?"

"சார்... காஜா பேராங்கிலேர்ந்து கோகிலா பேசறேன்... தம்பின் ஊர்ல ஒரு துக்கத்துக்குப் போயிட்டு இப்பதான் வீட்டுக்கு வந்தோம். அப்பா... அடுப்படியில..."

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது.

"எங்கேர்ந்து பேசறீங்கம்மா?"

"மீனாட்சிசுந்தரம் கடையிலேர்ந்து சார்..."

"எதையும் தொடாதீங்க. வர்றேன்."

* * *

கோகிலாவின் அப்பா சுப்பையன் குப்புறக் கிடந்தார்.

ரயில்வேயில் உழைத்து ஓய்ந்த மனிதர். காது சுத்தமாகக் கேட்காது. பின்மண்டையில் ஓங்கி ஒரு அடி... அவ்வளவுதான். முடிந்துபோயிருந்தார்.

வந்தவன் கதவை உடைத்திருந்தால்கூட அவருக்குக் கேட்டிருக்காது. அடிக்காமலே திருடிக்கொண்டு போயிருக்கலாம்.

பக்கத்தில் அரிசி டின் கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் வேறு எதுவும் கலையவில்லை.

"பீரோவைத் தொடல, பெட்டியைத் தொடல," என்றான் கான்ஸ்டபிள் பொன்னுதுரை. "நேரா அரிசி டின்னுக்குப் போயிருக்கான். ஒண்ணு பசியில வந்திருக்கணும்... இல்லேன்னா விஷயம் தெரிஞ்சு வந்திருக்கணும் சார்."

கருணாகரன் கோகிலாவிடம் திரும்பினார்.

"டின்னுக்குள்ள என்னம்மா வெச்சிருந்தீங்க?"

"என் நகையெல்லாம் சார். துக்க வீட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போக முடியுமா?"

"அது யார் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"திருடனுக்குத் தெரிஞ்சிருக்கே. நல்லா யோசிங்க."

கோகிலா யோசித்தாள்.

"தம்பின்ல இருக்கற நாத்தனார்கிட்ட மட்டும் ஃபோன்ல சொன்னேன். அப்பா தனியா இருப்பாரு, நகையை அரிசி டின்னுல போட்டுட்டு வரேன்னு..."

"எந்த ஃபோன்?"

"மீனாட்சிசுந்தரம் கடை ஃபோன்தான். ஆனா அங்க பேசினா ஒரு வார்த்தை வெளியே போகாது சார். போர்டே போட்டிருக்காரு!"

பொன்னுதுரை தொண்டையைச் செருமினான்.

"சார்... போன மாசம் புக்கிட் காதில் பக்கம் ஒரு வாத்தியார் வீட்ல திருட்டுப் போச்சே... அவரும் ஊருக்குப் போறதை அந்தக் கடை ஃபோன்லதான் பேசினாராம்."

"அப்ப வா. அந்தப் போர்டைப் பார்த்துட்டு வரலாம்."

* * *

மெர்டேகா என்று சுதந்திரத்தைக் கொண்டாடிச் சில வாரங்கள் ஆகியும் மீனாட்சிசுந்தரம் ஸ்டோர் வாசலில் காகிதக் கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. கடையின் கோடியில் பலகை அடித்த ஒரு சிறு அறை. உள்ளே டெலிபோன். அறைக்கு மேலே அந்தப் பிரசித்தி பெற்ற போர்டு:

'வருகிறவர்களின் ரகசியம் எங்கள் உயிர். இங்கே பேசுவது இங்கேயே இருக்கும். டெலிபோன் பொறுப்பாளருக்குத் தமிழ் தெரியாது. தைரியமாகப் பேசுங்கள். இப்படிக்கு, நிர்வாகம்.'

நிர்வாகம் என்பது மீனாட்சிசுந்தரம் ஒருத்தர்தான். நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய வெற்றிலையுமாக நிர்வாகம் ஓடி வந்தது.

"வாங்க இன்ஸ்பெக்டர். கேள்விப்பட்டேன், மனசே ஆறலை. சுதந்திரம் வந்துட்டா போதுமா? ஜனங்களோட பேச்சுக்கும் ஒரு பாதுகாப்பு வேணாமா? அதுக்காகவே செலவு பண்ணி இந்த அறையைக் கட்டினேன்."

"நாட்டுக்கு உங்களை மாதிரி நாலு பேர் வேணும்," என்றார் கருணாகரன். "ஃபோன் பக்கத்துல யார் இருப்பாங்க?"

"பாக்கியலட்சுமி. நான்கூடக் கிட்டப் போக மாட்டேன்."

அறை வாசலில், கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியுமாக ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மலாக்கா செட்டி குடும்பம். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்தான். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். எக்ஸ்சேஞ்சில் நம்பர் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பது அவள் வேலை.

கடையில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கோகிலாவும் வந்து நின்றாள். கூட்டத்துக்கு யார் குற்றவாளி என்பதில் சந்தேகமே இல்லை.

"அவளுக்குத் தமிழ் தெரியும் சார். நடிக்கிறா!"

"பேரு மட்டும் பாக்கியலட்சுமி... வாயைத் தொறந்தா மலாய். இதுங்களை எப்படி நம்பறது?"

மீனாட்சிசுந்தரம் பெருமூச்சு விட்டார். "நல்ல பொண்ணுன்னுதான் வெச்சேன். ஒரு வேளை தமிழ் தெரியுமோ என்னமோ... சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

எவ்வளவு சுலபமாகக் கை கழுவுகிறது நிர்வாகம்! சாயங்காலத்துக்குள் ஒரு ஆளைப் பிடித்தாக வேண்டும் என்று மேலிடம் வேறு சொல்லியிருந்தது. கொலைக் கேஸ். இந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும் என்று நிரூபித்தால் போதும், தூக்குக் கயிறு வரை கேஸ் தானாக நடந்து போய்விடும்.

கருணாகரன் அவள் எதிரே போய் நின்றார். முகத்தில் எதையும் காட்டாமல் சத்தமாகச் சொன்னார்.

"பொன்னுதுரை, இந்தம்மா காலடியில தேள் போகுது பாரு."

கூட்டத்தில் நாலைந்து பேர் துள்ளி விலகினார்கள். பாக்கியலட்சுமி காலை அசைக்கவே இல்லை.

"தேள்னு கேட்டும் காலைத் தூக்கலைன்னா நிஜமாவே தமிழ் தெரியாது சார்," என்றான் பொன்னுதுரை.

ஆனால் அவள் உதடு அசைந்தது. முணுமுணுத்தாள்.

"பொன்னுதுரை, இந்தம்மா காலடியில தேள் போகுது பாரு."

அதே அதட்டல். அதே இழுப்பு!

கருணாகரனுக்கு ஜில்லென்றது. கூட்டம் கொதித்தது.

"பார்த்தீங்களா சார்? தமிழ்! சுத்தத் தமிழ்!"

"சும்மா இருங்க!" என்று அதட்டிவிட்டு அவளிடம் மலாயில் கேட்டார். "இப்ப சொன்னியே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது துவான்." அவளும் மலாயில்தான் சொன்னாள், வெட்கத்தோடு. "கோயில்ல தேவாரமும் இப்படித்தான் பாடுவேன். காதுல விழுந்தா நாக்குல நின்னுடும். எங்க வீட்ல அர்த்தம் சொல்ல யாரும் இல்ல. சாமிகிட்ட நான் என்ன சொல்றேன்னு எனக்கே தெரியாது. அதான் தவ்கேகிட்ட தமிழ் கத்துக்கறேன்."

துவான் என்றால் ஐயா. தவ்கே என்றால் முதலாளி. முதலாளி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"எப்படிச் சொல்லித் தர்றாரு?"

"தினமும் கடை சாத்தறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ஃபோன்ல யார் என்ன பேசினாங்களோ அதை அப்படியே ஒப்பிக்கச் சொல்லுவாரு. உச்சரிப்பு சரியா வரணுமாம்."

"இதுவரைக்கும் எந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லியிருக்காரு?"

அவள் யோசித்தாள்.

"இன்னும் இல்ல. முதல்ல காது பழகணும்னு சொன்னாரு."

சாமிக்குப் பாடும் பாட்டின் அர்த்தம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டவளை வைத்து ஊரையே ஒட்டுக்கேட்டிருக்கிறார் மனிதர். ஓங்கி அறைந்தால் என்ன என்று கருணாகரனுக்குக் கை துறுதுறுத்தது.

மீனாட்சிசுந்தரம் சிரித்தார்.

"இன்ஸ்பெக்டர், இது கிளி. கிளி சொல்றதை வெச்சு யாராவது கேஸ் போடுவாங்களா? என்ன பேசறோம்னு அவளுக்கே தெரியாது. நான் பொழுதுபோகாம நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அது குத்தமா? எந்தக் கோர்ட்டுக்கு வேணும்னாலும் போங்க."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் கருணாகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி மலாயில் கேட்டார்.

"தவ்கேயும் இந்த ஃபோன்லதான் பேசுவாரா?"

"ஆமா துவான்."

"நீ பக்கத்துல இருக்கறப்பவா?"

"எனக்குத்தான் தமிழ் தெரியாதே."

"அவர் பேசினதை ஒப்பிச்சிருக்கியா?"

"இல்ல. அவர் கேட்டதே இல்ல. ஆனா..." அவள் முகம் மலர்ந்தது. "அதைத்தான் நல்லா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். வாத்தியாரோட தமிழாச்சே."

மீனாட்சிசுந்தரத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பாக்கியம்... டியாம்! வாயை மூடு!"

"நீங்க மூடுங்க," என்றார் கருணாகரன். "பொன்னுதுரை, ஐயாவைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. தள்ளாடறாரு. நீ சொல்லும்மா. கடைசியா ஐயா பேசினது."

பாக்கியலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாட்டுக்கு முன்னால் கைகூப்புவது போலக் கைகூப்பினாள். மீனாட்சிசுந்தரத்தின் செருமலைக்கூட விடாமல் செருமினாள். ஆரம்பித்தாள்.

"ஹலோ... ஜெயபாலனா? சித்தப்பா பேசறேன்டா. ஆமா லா, கிழவன் மட்டும்தான். செவுடு. அரிசி டின்னு, மறந்துடாதே... அதெல்லாம் முழிக்க மாட்டான். முழிச்சா ஒண்ணு போடு."



அவள் கொஞ்சம் நிறுத்தினாள். அடுத்த பாட்டுக்குப் போவது போல அடுத்த பேச்சுக்குப் போனாள்.

"ஏன்டா அவ்வளவு பலமா அடிச்சே? சரி, விடு... சாமானை மொளகா மூட்டைக்குள்ள சொருகிட்டேன். எவன் கைய விடுவான்? நீ குருபோங்லயே இரு. இந்தப் பக்கம் தலை காட்டாதே."

முடித்துவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று வாத்தியாரைப் பார்த்தாள்.

வாத்தியார் வெளிறிப்போயிருந்தார்.

பொன்னுதுரை அவரைக் கூட வந்திருந்த இன்னொரு கான்ஸ்டபிளிடம் தள்ளிவிட்டு மிளகாய் மூட்டைக்குப் பாய்ந்தான். கத்தி கிழித்தது. தும்மினான். மறுபடி தும்மினான். தோள்வரை கைவிட்டு ஒரு துணி முடிச்சை இழுத்தான். பிரித்தான்.

"எரியுது சார்... ஆனா மின்னுது."

கோகிலா முடிச்சில் மின்னிய தன் அட்டிகையைப் பார்த்தாள். தொடவில்லை. நேராக மீனாட்சிசுந்தரத்தின் எதிரே வந்து நின்றாள்.

"எங்கப்பாவை... ஒண்ணு போடுன்னு சொன்னீங்களா? உங்க கடையிலதானேய்யா தெனம் டீத்தூள் வாங்குவாரு..."

சற்றுமுன் பாக்கியலட்சுமியைத் தூக்கில் போடத் துடித்தவர்கள் இப்போது தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள்.

விலங்கு பூட்டும்போதுதான் மீனாட்சிசுந்தரத்துக்குக் குரல் வந்தது.

"சார்... அவளுக்குத் தமிழே தெரியாது சார்!"

"மூட்டையில நகை இருக்கற இடம் மட்டும் சரியாத் தெரிஞ்சிருக்கு," என்றார் கருணாகரன். "பொன்னுதுரை, குருபோங்குக்கு ஆள் அனுப்பு. அந்த ஜெயபாலனையும் தூக்கு."

வேனை நோக்கி நடந்தவரைப் பாக்கியலட்சுமி தயங்கித் தயங்கிக் கூப்பிட்டாள்.

"துவான்... நான் ஒப்பிச்சதுக்கு என்ன அர்த்தம்?"

கருணாகரன் வாயைத் திறந்தார். கோகிலாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

மிளகாய்க் காரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டே பொன்னுதுரைதான் மலாயில் சொன்னான்.

"அதை ஜட்ஜ் ஐயா சொல்லுவாரு அக்கா... உங்க வாத்தியாருக்கும் சேர்த்து!"