கரையில் குத்திய மண்வாரி

மாக்டெல்ட் மூன்று ஊர்களுக்குத் தலைவி. வயது ஒன்பது. ஆனால் எத்தனை மணிக்குப் படுப்பது என்பதைக்கூட அவளால் முடிவு செய்ய முடியாது. அப்பா இறந்துவிட்டதால், அவளுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரை அவள் பெயரில் அம்மா வால்பர்க்தான் ஆட்சி செய்தாள்.

அன்று இருவரும் ஆற்றின் கரையைப் பார்வையிட வந்திருந்தார்கள். கரையோரம் நிலம் வைத்திருப்பவர்கள் அவரவர் பங்குக் கரையைச் செப்பனிட வேண்டும். முடியாதவர் தன் மண்வாரியைக் கரையில் குத்திவிட்டு, வீடு நிலம் எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டும். அந்த மண்வாரியைப் பிடுங்குபவருக்கு நிலம் சொந்தம். உடைந்த கரையும் அவர் தலையில்தான்.

வோல்டரின் பங்கில் ஒரு வண்டியே நுழையலாம், அவ்வளவு பெரிய உடைப்பு. அவரோ கால் முறிந்து ஊன்றுகோலுடன் நின்றார். மனைவி கேஸ்யே தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கோழிக்கூடை.

"ஒரு மாசம் பொறுங்கம்மா. கால் கூடிடும்."

"நான் பொறுப்பேன் வோல்டர். ஆறு பொறுக்குமா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வோல்டர் மண்வாரியைக் குத்தினார். கூடி நின்ற ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பிடுங்க வரவில்லை.

"இந்த உடைப்பை யாரு கட்டிக்கிட்டு அழுவா?" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

மாக்டெல்டுக்குப் பாவமாக இருந்தது. விறுவிறுவென்று போய் மண்வாரியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி இழுத்தாள். மண்வாரி வந்தது, அவள் சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அடியே! என்ன பண்ணிட்டேன்னு தெரியுதா?" என்றாள் அம்மா.

"தெரியும். நிலம் இப்போ என்னோடது. இவங்க இங்கேயே இருந்து உழட்டும்."

"உடைப்பு?"

"அதுவும் என்னோடதுதான்."

"யாரு அடைப்பா? நீயா?"

"நான் சின்னப் பொண்ணாச்சே! பதினெட்டு வயசு ஆகிற வரைக்கும் என் காரியத்தை எல்லாம் நீங்கதானே பாக்கணும்? தினமும் சொல்றீங்களே!"

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். அம்மா உடைப்பைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். பிறகு கூட வந்திருந்த காவலனிடம் திரும்பினாள்.

"கோட்டையில இருக்கிற ஆளுங்க எல்லாரையும் கூப்பிடு. கூடைங்களும் வரட்டும். சின்னதா ஒண்ணு இவளுக்கும்."

கேஸ்யே கோழிக்கூடையை இறக்கி வைத்தாள்.

"ஆனா ஒண்ணு, ராத்திரி எட்டு மணிக்குப் படுத்திடணும். அதுல மாத்தம் இல்லே" என்றாள் அம்மா.

அன்று மாக்டெல்ட் அதற்காகச் சண்டை போடவில்லை. மண் சுமந்த களைப்பில் ஏழு மணிக்கே தூங்கிவிட்டாள்.