மேலிருந்து நீண்ட கை

முதலில் நின்றுபோனது அந்த விசில்தான். மூச்சை இழுக்கும்போதெல்லாம் வெல்டரின் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் மெல்லிய விசில், பாறையில் நகம் உரசும் சத்தத்தோடும், பாசியின் ஈர வாடையோடும், சட்டைக்குள் புகுந்து முதுகெலும்பு வழியே இறங்கும் பனிமூட்டத்தின் குளிரோடும் காலையிலிருந்தே கூட வந்துகொண்டிருந்தது. சற்றுமுன் இடப்பக்கம் கற்கள் சில கடகடவென்று உருண்டன. அதற்குப் பிறகு விசிலைக் காணோம்.

"மாப்ள, என்ன சத்தம்?" என்று கேட்டார் பள்ளிக்கூட பஸ் டிரைவர்.

"கல்லுதான். வா மச்சான், கொஞ்ச தூரந்தான்."

வெல்டரின் குரல்தான். மேலேயிருந்துதான் வந்தது. ஆனால் நாலு எட்டு வைத்தால் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் மனிதன், இந்தச் செங்குத்தில் மூச்சே வாங்காமல் பேசினான்.

ஒரே பெஞ்சில் படித்தவர்கள். மீசை அரும்பிய நாளிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது கயிறு கியிறு எதுவுமில்லாமல், கையாலும் காலாலும் இந்த மலையைத் தொற்றி ஏறுகிறவர்கள். டிரைவரின் தங்கையைத்தான் அவன் கட்டியிருந்தான். இருபது வருஷம் வெல்டிங் புகையைக் குடித்த நுரையீரலில் ஒரு பாதியை அடுத்த வாரம் வெட்டி எடுக்கப்போகிறார்கள். "அதுக்கப்புறம் ஏணிகூட ஏற முடியாதாம் மச்சான். ஒரே ஒரு தடவை," என்று அவன் கேட்டபோது அந்த முகத்தைப் பார்த்து மாட்டேனென்று சொல்ல டிரைவருக்கு வாய் வரவில்லை. விடியற்காலையில் தங்கை வாசல்வரை வந்து, "அண்ணே, அவர் ஆசைப்படுறாருன்னு நீங்களும் தலையாட்டிட்டீங்களே," என்றாள். போகவே கூடாதென்று தடுத்திருந்தால் தேவலை என்று டிரைவருக்கு இப்போது தோன்றியது.

பிடிமானமில்லாத வழுக்குப்பாறை ஒன்று குறுக்கே வந்தது. காலை எங்கே ஊன்றுவது என்று தடுமாறி நின்றபோது, மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை இறங்கி வந்தது. மணிக்கட்டுக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பிடித்துக்கொண்டார். ஒரே இழுப்பு. மேலே வந்துவிட்டார். சீக்காளிக்கு இவ்வளவு தெம்பு ஏது?

"எங்கடா இருக்க? முகத்தையாவது காட்டேன்."

"வா மச்சான், கொஞ்ச தூரந்தான்."

அதே சொல். அதே இழுவை. பதிவுசெய்து வைத்ததுபோல.

அடுத்த பாறையிலும் கை வந்தது. அதைப் பற்றிய பிறகுதான் கவனித்தார். அவர் உடம்பெல்லாம் நனைந்து ஊறிக் கிடக்க, அந்தக் கை மட்டும் ஈரமே இல்லாமல் காய்ந்திருந்தது. வெல்டரின் வலது ஆள்காட்டி விரல் தகடு வெட்டும் மெஷினில் போய், பாதிதான் மிச்சம். இந்த வலது கையில் ஐந்து விரல்களும் முழுசாக அவர் மணிக்கட்டைச் சுற்றியிருந்தன.

கையை உருவப் பார்த்தார். வரவில்லை.

அப்போது விசில் கேட்டது.

கீழேயிருந்து.

"மச்சான்..."

வெகு கீழே. இடப்பக்கம்.

"மச்சான், கால் போச்சுடா. எவ்வளவு நேரமா கத்துறேன். காதுல விழலையா?"

"மாப்ள! இதோ வர்றேன்டா! அசையாத!"

"யார்கூடடா பேசிக்கிட்டே போன?"

டிரைவர் கையை முறுக்கினார். பாறையில் காலை உதைத்து இழுத்தார். தோல் உரிந்தது. பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை.

"வந்துடுவேன்டா. மூச்ச மெதுவா விடு. உன்னைக் கூட்டிட்டு வர்றேன்னு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன்டா."

பதிலுக்கு விசில் மட்டும். இழுத்து, இழுத்து. இடைவெளி கூடிக்கொண்டே போயிற்று.

காற்று ஒருதரம் திரும்பியது. மூட்டம் கிழிந்தது. இரண்டு மாடி ஆழத்தில், கல் இடுக்கில் அவன் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் தப்பான பக்கம் மடங்கியிருந்தது. அவன் டிரைவரைப் பார்த்தான். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு அவன் பார்வை மெல்ல நகர்ந்து, டிரைவரின் தலைக்கு மேலே போய் நின்றது.

அந்த நிம்மதி போய்விட்டது.

"மச்சான்," என்றான். அழுதுகொண்டிருந்தான். "என்னைப் பாருடா. என்னை மட்டும் பாரு. மேல பாத்துடாத."

பார்த்தார். அவனை மட்டுமே பார்த்தார். விசில் ஒருமுறை வந்தது. இன்னொரு முறை வந்தது.

அப்புறம் வரவில்லை.

அவன் கண்கள் திறந்தே இருந்தன. இன்னமும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தன. மூட்டம் திரும்பி வந்து முதலில் அவன் காலை மூடியது, பிறகு நெஞ்சை, கடைசியாக அந்தக் கண்களை. வெள்ளை. எங்கும் வெள்ளை. டிரைவர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் விம்மினார். அவர் மணிக்கட்டைப் பற்றியிருந்த கையின் கட்டைவிரல், ஆறுதல் சொல்வதுபோல, அவர் தோலை மெதுவாகத் தடவிக்கொடுக்கத் தொடங்கியது.