பத்தாயிரம் மேற்கோள்... ஒரு பிணம்!

"ஐயோ...!"

அலறல் மூன்றாவது மாடியையே ஒரு குலுக்கு குலுக்கியது.

அலறியது செயலாளர் அம்மா. சாதாரணமாக அவருக்குக் குரலே எழும்பாது. சம்பள உயர்வைக்கூட வாய்க்குள்ளேயே கேட்டு, கிடைக்காது என்று வாய்க்குள்ளேயே பதிலும் சொல்லிக்கொள்கிற ஆள்.

அப்படிப்பட்டவர் அலறினால் விஷயம் பெரியது!

கணக்கு மேடம் ஓடினாள்.

அந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு அதுதான் பெயர். நோயாளிகளின் எண்களைக் கூட்டிக் கழித்து, எந்த மருந்து வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று சொல்வது அவள் உத்தியோகம். அவள் சொல்வதை அங்கே எவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பேராசிரியரின் அறைக்கதவு திறந்து கிடந்தது.

உள்ளே...

மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தார் அவர். கன்னம் கீபோர்டில் அழுந்தியிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஒரே எழுத்து பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் பாதி குடித்த காபி.

"சார்... சார்!"

தோளைத் தொட்டாள். கை கனமாகத் தொங்கி விழுந்தது.

"போயிட்டாரா?" செயலாளர் அம்மாவுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது.

"போயிட்டாரு."

"கீழ கேக் வந்து இறங்கியிருக்கே! இன்னிக்குப் பார்த்தா போகணும்?"

கணக்கு மேடத்துக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது.

'இனி அந்தக் கட்டுரையை யார் வாபஸ் வாங்குவார்கள்?'

* * *

கருத்தரங்க அறையின் நடு மேஜையில் கேக் இருந்தது. வெள்ளைக் கிரீமின்மேல் சிவப்பில் 10,000.

இன்ஸ்பெக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிடாமல் வந்த பார்வை.

"பத்தாயிரம்னா என்ன மேடம்? வயசா இருக்க முடியாது."

"சைட்டேஷன் சார்."

"தமிழ்ல சொல்லுங்க."

"மேற்கோள். ஒருத்தர் எழுதின கட்டுரையை இன்னொருத்தர் தன் கட்டுரையில குறிப்பிட்டா, அது ஒண்ணு. இவரோட ஒரே ஒரு கட்டுரையை மட்டும் பத்தாயிரம் தடவை குறிப்பிட்டிருக்காங்க. அதுக்குத்தான் விழா."

"குறிப்பிட்டா என்ன வரும்?"

"பதவி வரும். பட்டம் வரும். ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டும்."

"எங்க ஸ்டேஷன்ல ஒரு பிக்பாக்கெட் இருக்கான். எல்லாக் கேஸ்லயும் அவன் பேரைக் குறிப்பிடுவோம். பாவம், அவனுக்கு ஒண்ணும் வரல."

அவள் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டரும் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார்.

"நேத்து சாயந்திரம் செத்தவரோட சண்டை போட்டீங்களாமே?"

"போட்டேன்."

"'உங்களைச் சும்மா விடமாட்டேன்'னு கத்தினீங்களாம். மாடி பூராக் கேட்டிருக்கு."

"கேட்கட்டும்னுதான் கத்தினேன்."

"தைரியம்தான்! எதுக்காக?"

"அந்தப் பத்தாயிரம் வாங்கின கட்டுரை ஒரு பிரஷர் மாத்திரையைப் பத்தினது சார். அதைப் போட்டா கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்காரு. என் தம்பி அதைத்தான் போடறான். லாரி ஓட்டறவன். ரெண்டே வருஷத்துல கிட்னி பாதி போச்சு!"

மேஜையில் ஒரு தட்டு தட்டினாள்.

"அவனோட டாக்டரைக் கேட்டா, 'எத்தனை பேர் மேற்கோள் காட்டின கட்டுரை தெரியுமா'ன்னு என் வாயை அடைச்சாரு. பழைய எண்களை எடுத்து நானே மறுபடி போட்டுப் பார்த்தேன். கிட்னி கெட்டுப்போனவங்களை எல்லாம் கணக்குலேர்ந்தே தூக்கிட்டாங்க சார்! மிச்சம் இருந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு எழுதிட்டாங்க!"

"அடப்பாவிங்களா...! அந்தக் கோபத்துல காபியில எதையாவது..."

"சார்! எழுதினவரே தப்புன்னு ஒத்துக்கிட்டா, கட்டுரையைப் போட்ட ஜர்னல்காரங்க உடனே அதை வாபஸ் வாங்கிடுவாங்க. மத்தவங்க புகார் குடுத்தா வருஷக்கணக்கா இழுப்பாங்க. அவர் உயிரோட இருக்கணும்னு இந்தக் கட்டடத்துல என்னை விட ஆசைப்பட்டவங்க யாரும் கிடையாது!"

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாருங்க... லேப் அலமாரியில இதய மருந்து ஒரு பாட்டில் காணோம். அளவு மீறினா இதயத்தையே நிறுத்திடுமாம். சாவி மூணு பேர்கிட்ட. ஒருத்தர் செத்துட்டாரு. இன்னொருத்தர் நீங்க."

"மூணாவது?"

கதவு படாரென்று திறந்தது.

"போயிட்டாரே... என் தெய்வம் போயிடுச்சே...!"

கண்ணீரும் கம்பலையுமாக உள்ளே நுழைந்தார் துணை இயக்குநர். நிலையத்தில் அவரை 'ரெண்டாவது சார்' என்பார்கள். பேராசிரியரின் கட்டுரை எதை எடுத்தாலும் ஆசிரியர் வரிசையில் இரண்டாவது பெயர் இவருடையது. முதல் பெயராக வரவேண்டும் என்ற ஏக்கத்திலேயே தலை நரைத்துப்போனவர்.

"எப்ப வந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இப்பத்தான் சார். வீட்ல விழாவுக்குக் கிளம்பிக்கிட்டிருந்தேன். செயலாளர் அம்மா போன் பண்ணினாங்க. கையும் ஓடல, காலும் ஓடல..." என்றவர் கணக்கு மேடத்தைப் பார்த்தார். கண்ணீர் சட்டென்று நின்றது. "இன்னும் இவளைப் பிடிக்கலையா நீங்க? நேத்து இவ கத்தினதை இந்தக் காதால கேட்டேன்!"

"அவசரப்படாதீங்க. முதல்ல எனக்கு ஒரு சந்தேகம் தீரணும்."

இன்ஸ்பெக்டர் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த செல்போனை மேஜைமேல் வைத்தார். கேக்கிலிருந்து கண்ணை எடுக்கச் சிரமப்பட்டார்.

"செத்தவரோட போன். காலையில எட்டரைக்கு ஏதோ ஜர்னல்லேர்ந்து ஒரு மெயில் வந்திருக்கு. ரெண்டு தடவை படிச்சேன். மண்டை காயுது. கணக்கு மேடம், நீங்க படிங்க."

அவள் குனிந்து படித்தாள்.

"'மதிப்புக்குரிய பேராசிரியருக்கு, தாங்கள் அனுப்பிய கட்டுரை கிடைத்தது. நன்றி. கட்டுரையின் தலைப்பு...'"

நின்றுவிட்டாள்.

"தலைப்பு?"

"'மறைந்த பேராசிரியருக்குப் புகழஞ்சலி'..."



"அம்மா அலறினது ஒன்பதே காலுக்கு." இன்ஸ்பெக்டர் மோவாயைத் தேய்த்தார். "அப்படின்னா, தனக்குத் தானே அஞ்சலி எழுதி அனுப்பிட்டு, அப்புறமா விஷத்தைக் குடிச்சிருக்காரு. தற்கொலை! கேஸ் முடிஞ்சுது!"

"ஆமா சார்!" ரெண்டாவது சார் துள்ளினார். "அப்படித்தான் இருக்கும்! கொஞ்ச நாளாவே மனசு சரியில்லாம இருந்தாரு!"

கணக்கு மேடம் சிரித்தாள். வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஒரு சிரிப்பு.

"பேராசிரியர் கட்டுரை எழுதி பத்து வருஷம் ஆச்சு சார்."

"என்னது? பத்தாயிரம்னு கேக் வெச்சிருக்கீங்க?"

"எழுதறது நாங்க. முதல் பேரு அவரோடது. இங்க அதுதான் சட்டம். தலைவலி மாத்திரையைப் பத்தி எழுதினாலும் சரி, கொசுவைப் பத்தி எழுதினாலும் சரி... அவர் பேரை மேல போடாம ஒரு தாள்கூட வெளியே போகாது. ஜர்னலுக்கு அனுப்ப உட்கார்ந்தா, கை தானாவே முதல்ல அவர் பேரைத் தட்டிடும். பழகிப்போச்சு."

"அதனால?"

"முதல் பேரு யாரோ, அவங்களுக்குத்தான் 'கிடைத்தது'ன்னு ஜர்னல்லேர்ந்து மெயில் வரும். எழுதின ஆளுக்கு வராது."

இன்ஸ்பெக்டர் மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்ப... எழுதின ஆள் யாரு?"

"ஆசிரியர்கள் பேரு அந்த மெயில்லயே கீழ இருக்கும் சார். ரெண்டாவது பேரைப் பாருங்க."

பார்த்தார்.

திரும்பினார்.

ரெண்டாவது சாரின் முகம் கேக்கின் கிரீமைப்போல வெளுத்திருந்தது!

"ஏன் சார்," இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "ஒருத்தரைப் பரலோகம் அனுப்பறதுக்குக் கட்டுரை எழுதறீங்க. சரி. அதுல அவரையே கூட்டு எழுத்தாளராச் சேர்க்கற அளவுக்கு மரியாதையா?"

"பழக்கம்..." என்றார் ரெண்டாவது சார். "பழக்க தோஷம் சார்... இருபது வருஷமா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்படி என்ன அவசரம்? சாவுச் செய்தி வந்தப்புறம் அனுப்பியிருக்கலாமே?"

"ஒரு ஆள் செத்தா, அந்த ஜர்னல்ல ஒரே ஒரு அஞ்சலிதான் போடுவாங்க. முந்தினவனுக்குத்தான் இடம்."

"அதுல எத்தனை மேற்கோள் சார்?" கேட்டவள் கணக்கு மேடம்.

"நாற்பது."

"யாரோடதெல்லாம்?"

தலை தொங்கியது.

"என்னோடது... எல்லாமே என்னோடதுதான். இயக்குநர் பதவிக்கு அடுத்த வாரம் இன்டர்வியூ. எனக்கு நாற்பது குறையுது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பதவிக்காகவா இந்த மனுஷனை..."

"இல்ல!"

ரெண்டாவது சார் எழுந்தார். கணக்கு மேடத்தை நோக்கி விரலை நீட்டினார்.

"இவளாலதான்! நேத்து இவ கத்திட்டுப் போனதும் என்னைக் கூப்பிட்டாரு. இவ போட்டுட்டுப் போன தம்பியோட கிட்னி ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. 'அந்தப் பொண்ணு சொல்றது சரி. நம்ம பண்ணினது பாவம். நாளைக்குக் கேக் வெட்டறப்பவே மேடையில சொல்லிடறேன். கட்டுரையை வாபஸ் வாங்கறேன்'னாரு. அவருக்கென்ன, வயசாயிடுச்சு. அந்தக் கட்டுரையில ரெண்டாவது பேரு என்னோடது! அது போனா எனக்கு என்ன இருக்கு? என் வேலை, என் வீடு, என் பேரு...?"

கணக்கு மேடம் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை வருஷம் அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி சபித்திருக்கிறாள். கடைசியில் அவர் அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறார். இந்த நிலையத்தில் அவள் பேச்சைக் கேட்ட ஒரே ஆள்! அதற்காகவே அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அடக்கவே முடியவில்லை.

* * *

வழக்கு நாறியது. பத்திரிகைகள் கிழித்துத் தோரணம் கட்டின. ஜர்னல்காரர்களுக்கும் வேறு வழியில்லை. கட்டுரை வாபஸ்! தலைப்புக்குமேல் சிவப்பு எழுத்தில் பெரிதாகப் போட்டார்கள்.

கணக்கு மேடம் தம்பியை அழைத்துக்கொண்டு அவனுடைய டாக்டரிடம் போனாள். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

டாக்டர் சீட்டை எழுதி நீட்டினார்.

அதே மாத்திரை!

"டாக்டர்! அந்தக் கட்டுரையைத்தான் வாபஸ் வாங்கிட்டாங்களே!"

"அப்படியா? இருங்க, பார்க்கறேன்." கம்ப்யூட்டரைத் தட்டினார். புருவம் உயர்ந்தது. "என்னம்மா சொல்றீங்க நீங்க? போன தடவை பார்த்தப்ப பத்தாயிரம். இப்ப பதினாலாயிரம்! இத்தனை பேர் மேற்கோள் காட்டற கட்டுரை எப்படித் தப்பா இருக்கும்?"

"டாக்டர்... அந்த நாலாயிரமும் திட்டினது! ஆராய்ச்சியில மோசடி எப்படி நடக்குதுன்னு எழுதறவங்க எல்லாம் இதைத்தான் உதாரணமாக் காட்டறாங்க!"

"திட்டினதா, பாராட்டினதான்னு இதுல போடலையே. எண் மட்டும்தானே வருது."

"மேல சிவப்புல இருக்கு, பாருங்க!"

"இந்தக் கம்ப்யூட்டர்ல கலர் போச்சும்மா. ரிப்பேருக்குக் குடுக்கணும். நேரம் எங்க இருக்கு? வெளியே கூட்டத்தைப் பார்த்தீங்கல்ல? அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

அவள் சீட்டைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தாள். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மருந்துக் கடைமுன் நீண்ட வரிசை. முன்னால் நின்ற பெரியவர் ஒருவரின் சீட்டை எட்டிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணின் சீட்டையும் பார்த்தாள்.

எல்லாவற்றிலும் அதே மாத்திரை.

தம்பி அவளையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஏன்க்கா... மனுஷன் செத்தப்புறம் நகமும் முடியும்தான் வளரும்னு சொல்வாங்க. அந்தப் பேராசிரியருக்கு மதிப்பும் சேர்ந்துல்ல வளருது!"