மூன்றாவது சவுண்ட் பாக்ஸ்

இசைத்தட்டு நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை.

லீலாபாய் அடுக்களை வாசலில் ஈரக்கையோடு நின்று பார்த்தாள். கிராமபோனின் முறுக்கு முழுவதும் தளர்ந்து தட்டு அசையாமல் கிடந்தது. ஆனாலும் பெட்டிக்குள்ளிருந்து, மழையில் வெகுதூரம் ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதுபோல் ஒன்று இழுத்து இழுத்துக் கேட்டது. அவள் கணவன் கனகதாஸ் பாய்ந்து வந்து ஊசியைத் தூக்கினான். அடங்கியது.

“ஸ்பிரிங் பழசாக்கும்” என்றான், அவள் முகத்தைப் பாராமல்.

அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த நாள் முதல் அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மலையாளச் சர்க்காரிடமிருந்து பிரிந்து தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவன் அவள் தம்பி ஞானையன். போலீஸ் அடித்து விரட்டிய அந்த மழைச் சாயங்காலம், காய்ச்சலில் கிடந்த அம்மாவைப் பார்க்க அவள் அதியன்னூருக்குப் போயிருந்தாள். மறுநாள் காலை அவள் வீட்டுக்கு எதிரிலேயே, மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள், தம்பி மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். வீட்டில் இருந்த கனகதாஸ், “மழையில ஒண்ணும் கேக்கல” என்றான். அடக்கம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பனச்சமூட்டுச் சந்தையில் இருந்ததிலேயே மலிவான கிராமபோனைச் சுமந்துகொண்டு வந்தான்.

“சாவு வீட்டுல இப்ப பாட்டாக்கும் கொறச்சல்?” என்று அன்றே கேட்டாள்.

“வீடு அனக்கமும் சத்தமும் இல்லாம கெடக்குல்லா” என்றான்.

அது தகர டப்பாவைத் தட்டுவதுபோல் பாடியது. ஸ்பிரிங்கை மாற்றினான். ஒவ்வொரு பாட்டுக்கும் புது ஊசி போட்டான். பிறகு நெய்யாற்றின்கரைக்குப் போய், ஊசியைப் பிடித்துக்கொண்டு பாட்டை வெளியே தருகிற அந்த வட்டமான சவுண்ட் பாக்ஸையே புதிதாக வாங்கி வந்தான். பாட்டு துலங்கியது. பாடுகிறவள் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது. அதற்கும் அடியில், சேற்றில் சறுக்கி ஓடும் கால்கள். பலகையில் விரல்முட்டி மெல்லத் தட்டும் சத்தம். எந்தத் தட்டைப் போட்டாலும் அதேதான். லீலாபாய் இரண்டு தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்தாள். முற்றத்தில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

பாட்டு இன்னும் பலமாகக் கேட்கிற சவுண்ட் பாக்ஸ் வேண்டும் என்றான். சாப்பாடு குறைந்தது. பெட்டியருகே காதைச் சாய்த்து வியர்த்து உட்கார்ந்திருப்பான். பாட்டுப் பைத்தியம் என்றுதான் அவள் மனத்துக்குள் திட்டினாள். ஒருநாள் கவனித்தபோது, பாட்டு எழும்பி உச்சத்துக்குப் போகிற இடத்திலெல்லாம் அவன் முகம் தளர்ந்தது. தாழ்கிற இடத்தில் வெளிறியது. அவன் பாட்டைக் கேட்கவே இல்லை. பாட்டால் எதையோ மூடிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது சவுண்ட் பாக்ஸ் வந்த சாயங்காலம் பாறசாலைப் பக்கம் கூட்டம் கூடத் தடை போட்டிருந்தார்கள். கடைகள் அடைத்துவிட்டன. தெருவில் நாய்கூட இல்லை. ஈர மண்ணும் மண்ணெண்ணெயும் வீடெங்கும் மணத்தன. அவன் திருகாணியை முடுக்கி, முழு முறுக்கு கொடுத்து ஊசியை வைத்தான்.

பாட்டு வரவில்லை.

மழை. மூச்சு. தட்டல்.

“அத்தான்.”

லீலாபாய் சிமினி விளக்கோடு பெட்டியருகே வந்தாள்.

“அத்தான், நான் ஞானையனாக்கும். கதவு தெறங்க. அவனுவ வாறானுவ.”

ஒரு இடைவெளி. பிறகு கதவுக்கு இந்தப் பக்கம், மிக அருகில், தாழ்ப்பாள் மெல்ல உள்ளே தள்ளப்படும் கிறீச். அந்தத் தாழ்ப்பாளை அவள் தினமும் தொடுகிறாள்.

கனகதாஸ் ஊசியைத் தூக்கினான். குரல் நிற்கவில்லை. சவுண்ட் பாக்ஸைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். நிற்கவில்லை.

“நீங்க அவனுக்க சத்தம் கேட்டியளா?” என்றாள்.

“லீலா, போலீசு வண்டி முக்குல நின்னுது. தெறந்தா என்னையும் கொண்டுபோயிருப்பானுவ. நான் என்ன செய்ய?”

“தாப்பாளப் போட்டது நீயா?”

கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அவனை நீ என்று சொன்னதில்லை. பயம் எங்கேயோ போய்விட்டது. விளக்கைக் கீழே வைத்துவிட்டு, கிராமபோனைத் தூக்கி முற்றத்துக் கல்லில் போட்டாள். மூடி பிளந்து, ஸ்பிரிங் பாம்புபோல் துள்ளி மழையில் விழுந்தது. அவள் அவனுக்குப் பொங்கிப் போட்ட சோறு, அவன் தோளில் சாய்ந்து அவள் அழுத அழுகை, தம்பியின் சவப்பெட்டியை மூடும்போது அவன் பிடித்த குடை, எல்லாவற்றையும் சேர்த்து உடைக்க இன்னும் ஏதாவது வேண்டும்போல் இருந்தது.

திரும்பினாள்.

கனகதாஸ் சுவரோடு ஒட்டி நின்றான். இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்தியிருந்தான். கண்கள் அவளிடம் கெஞ்சின.

“அத்தான்.”

அவன் கைகள் வாயை விட்டு விலகவில்லை. இரைச்சல் இல்லை. கீறல் இல்லை. ஞானையன் பக்கத்தில் நின்று பேசுவதுபோல், அவ்வளவு தெளிவு.

“கதவு தெறங்க.”

அவள் விளக்கை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். கனகதாஸின் நெஞ்சுக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் சட்டை முன்னால் எழும்பி விழுந்தது.