குளிப்பதற்கு முன் குளிக்கவும்

“முதல்ல குளிச்சிட்டு வாங்க.”

“குளிக்கத்தானேங்க வந்திருக்கேன்.”

சுனை வாசலில் பதிவு நோட்டோடு உட்கார்ந்திருந்த நெல்சி கண்ணை மூடித் திறந்தாள். இதே பதிலை அன்று காலையில் மட்டும் பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். பதினோரு பேரும் தாங்களே கண்டுபிடித்த நகைச்சுவை மாதிரி சிரித்தார்கள். இவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்கிறவன் போல நின்றான்... அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

‘குளிப்பதற்கு முன் குளிக்கவும்’ என்ற பலகையைக் காட்டினாள். விடுதியிலேயே குளித்தாயிற்று என்றான். அப்படியானால் தோளில் என்ன பளபளக்கிறது என்று கேட்டாள். சன்ஸ்கிரீன், ஆனால் தானாக மக்கிப்போகும் வகை என்று சொல்லி, டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக் காட்ட ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

“மக்கிப்போக எத்தனை நாள் ஆகும்னு போட்டிருக்கா?”

டப்பாவை இன்னொரு முறை திருப்பினான். “போடலை.”

“அதுவரைக்கும் அது என் தண்ணியில கிடக்கணுமா?”

அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத மதிய வானம் போல இரண்டு கண்கள்... நெல்சி சட்டென்று பதிவு நோட்டைப் பார்த்துக்கொண்டாள். அவன் டப்பாவை மூடிக்கொண்டு ஷவருக்குப் போனான்.

நோட்டில் அவன் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. பெயர் உலிசெஸ். ஊர், தூரத்து மேட்டுநிலத்தில் இருக்கும் தொலுக்கா. தொழில், லிஃப்ட் பழுதுபார்ப்பவர். தொழிலை எழுதச் சொல்லி நோட்டில் கட்டமே கிடையாது. அவனாகவே கோடு போட்டு எழுதியிருந்தான்.

‘என் தண்ணி’ என்று அவள் சொன்னதில் காரணம் இருந்தது. மெக்சிகோவின் யுகத்தானில் மண்ணுக்கு மேலே ஆறு ஓடாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறை வழியாகக் கசிந்து உள்ளே போய், பாறைக்கு அடியில் குகை குகையாக ஓடும். எங்காவது குகையின் கூரை இடிந்து விழுந்தால் அங்கே ஒரு வட்ட வாய் திறக்கும். யாஷ்துன் ஊரின் சுனை அப்படித் திறந்ததுதான். வாயின் விளிம்பில் நின்று குனிந்தால் எட்டு ஆள் ஆழத்தில் நீலம் தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்குச் சூரியன் நேர் மேலே வந்ததும், ஒரு வெளிச்சத் தூண் நேராகத் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும்.

ஓட்டமெல்லாம் அடியில்தான். மேல் தண்ணீர் அசையவே அசையாது. அதனால் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் அது போக இடமில்லாமல், விரிந்து விரிந்து ஒரு கல்யாண முற்றம் அகலத்துக்குப் படலமாகிவிடும். வெளிச்சத் தூண் இறங்கும் நேரத்தில் அந்தப் படலம் ஏழு நிறத்தில் மின்னும். ஊருக்கே தெரியும்.

சுனை ஊர்ப் பொது. பதினான்கு குடும்பங்கள், வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்கின்றன. அந்த வாரத்து நுழைவுக் கட்டணம் அந்தக் குடும்பத்துக்கு. ஈஸ்டர் சமயத்தில், நெல்சியின் காவிச் குடும்பத்து முறையில், தண்ணீரில் படலம் மின்னியது. இன்னொரு தடவை மின்னினால் காவிச் வீட்டுக்கு முறையே கிடையாது என்று ஊர்க்குழுத் தலைவர் தோன் செல்சோ கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். அந்த முறையை நம்பித்தான் அவள் அண்ணன் வில்பெர்த் கான்குன் கடற்கரை ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு மனைவி, குழந்தையோடு ஊர் திரும்பியிருந்தான். முறை போனால் அவன் மறுபடியும் பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆகவே இந்த ஜூலை வாரம் நெல்சி ஒருவரையும் நம்பவில்லை. வந்தவர்களின் தோளை முகர்ந்துகூடப் பார்த்தாள்.

திங்களோடு போய்விடுவான் என்று நினைத்தவன் செவ்வாயும் வந்தான். கடற்கரைக்கும் மாயா பிரமிடுக்கும் போக வேண்டிய விடுமுறையை விட்டுவிட்டு, கடைக்காரம்மா வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான் என்று வில்பெர்த் சொன்னான். செவ்வாயன்று சன்ஸ்கிரீன் இல்லை. ஆனால் நடந்து வருகிற வழியில் கொசு மருந்து பூசியிருந்தான். புதனன்று கொசு மருந்தும் இல்லை. தலையில் ஜெல். ஒவ்வொரு நாளும் நெல்சி ஷவரைக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் அவன் ஏன் என்று கேட்டான். அவள் விளக்கினாள். அவன் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, மேலும் இரண்டு கேள்வி கேட்டான். அடியில் ஓடும் தண்ணீர் கடலில் எங்கே சேர்கிறது? கடலுப்பு உள்ளே வராதா? வரும் என்றாள். உப்புத் தண்ணீர் கனம், அதனால் அடியில் கிடக்கும், நல்ல தண்ணீர் அதன் மேல் படுக்கை விரித்த மாதிரி மிதக்கும் என்றாள். அவன் முகம் குழந்தை முகம் மாதிரி மலர்ந்தது.

இவ்வளவு ஆசையாக இதை யாரும் கேட்டதில்லையே... என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நொடியிலேயே வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது.

நீந்தவும் தெரியாது அவனுக்கு. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தபடி, மல்லாந்து மிதந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அவன் கப்பியைப் பார்த்தான். ஈர ஜாக்கெட்டுகளைக் கூடையில் வைத்து மேலே இழுப்பதற்காகச் சுனை வாயின் மேல் குறுக்குக் கட்டையில் தொங்கும் இரும்புக் கப்பி.

புதன் மாலை, படியேறி வந்து துண்டால் தலையைத் துவட்டியபடி சொன்னான். “உங்க கப்பி அழுவுதுங்க.”

“என்ன?”

“ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முனகல். எங்க ஆளுங்க லிஃப்ட்ல இப்படிச் சத்தம் வந்தா, பார்த்துக்கிறவங்க சோம்பேறின்னு சொல்லுவாங்க.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான். மேட்டுநில ஊர்க்காரர்களை இங்கே ‘வாச்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். நெல்சி அந்தச் சொல்லை அவன் காதில் விழும்படி அண்ணனிடம் மூன்று தடவை சொன்னாள். “இந்த வாச் வந்துதான் நமக்குக் கப்பி சொல்லித்தரணும்.”

வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு வெளிச்சத் தூண் இறங்கியது. தண்ணீர் ஏழு நிறத்தில் மின்னியது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, தோன் செல்சோ சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஊரில் பாதிப் பேர் விளிம்பில் கூடிவிட்டார்கள். தோன் செல்சோ கீழே பார்த்தார், அவளைப் பார்த்தார், யார் செய்தது என்று கேட்டார். மூன்று நாளாக அவள் மனதில் திரண்டிருந்த எரிச்சல் எல்லாம் அவள் விரலுக்கு வந்தது. கூட்டத்தின் நடுவில் நின்ற உலிசெஸைக் கைநீட்டிக் காட்டினாள்.

உலிசெஸ் முதலில் தண்ணீரைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து பார்த்தான். பிறகு அவள் முகத்தை... அதை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் தோன் செல்சோவிடம் திரும்பி, ஆமாம், விடிவதற்கு முன் வேலி தாண்டி வந்து, உடம்பெல்லாம் கிரீமோடு இறங்கிவிட்டேன் என்றான். இந்தப் பெண் தூங்கிக்கொண்டிருந்த நேரம், இவர்கள் மேல் தப்பில்லை என்றும் சொன்னான்.

திருட்டுத்தனமாக இறங்கியதற்குக் காவிச் குடும்பம் என்ன செய்யும் என்று கூட்டம் முணுமுணுத்தது. தோன் செல்சோ அவனுக்குச் சுனையைத் தடை செய்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை ஊர் நோட்டில் ஏற்றி, விஷயத்தை முடித்துவிடலாம் என்றார். நெல்சிக்கு மூச்சு வந்தது. அவன் தலைகுனிந்து போவதை அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் கூடையை இழுத்து, கப்பிக்கு அடியில் கைநீட்டி எடுத்தபோது அவள் முன்கையில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. விரலால் தொட்டாள். வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

பன்றிக் கொழுப்பு.

புதன் இரவு அவள் கையாலேயே கப்பிக்குத் தடவியது. கப்பி அழுகிறது என்று அவன் சொன்ன ரோஷத்தில், ஒரு கிண்ணம் நிறைய. யாஷ்துனில் எந்த வீட்டுக் கிணற்றுக் கப்பிக்கும் கொழுப்புதான். அம்மா தடவினாள், பக்கத்து வீட்டில் தடவுகிறார்கள், யாரும் யோசித்ததே இல்லை. வீட்டுக் கப்பிக்கு மேலே ஓலைக்கூரை உண்டு. சுனைக் கப்பிக்கு மேலே வெறும் வானம். ஜூலை மாதத்து உச்சி வெயிலில் இரும்பு அடுப்புக்கல்லாகச் சுடும்போது கொழுப்பு உருகாமல் என்ன செய்யும்? முந்நூறு பேரின் தோளை முகர்ந்து பார்த்தவள், தன் கையை முகர்ந்து பார்க்கவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நீந்தத் தெரியாதவன். ஜாக்கெட்டுகள் இருந்த அறையின் சாவி அவள் இடுப்பில். விடியற்காலை இருட்டில் அவன் எப்படித் தனியாக இறங்கியிருப்பான்? இவ்வளவு ஓட்டையான பொய்யை ஊரே நம்பியது. அவளும் நம்பினாள்... நம்ப ஆசைப்பட்டாள்.

அண்ணாந்து கப்பியைப் பார்த்தானே! தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான். முட்டாள். சரியான முட்டாள்.

கப்பியைச் சாம்பல் போட்டுத் துடைத்துவிட்டு, இரவு அண்ணனிடம் சொன்னாள். குழந்தையின் தொங்கு படுக்கையை ஆட்டிக்கொண்டிருந்த கையை வில்பெர்த் நிறுத்தினான். அப்புறம், வாயைத் திறக்காதே என்றான். அவன் கெட்டவன் இல்லை. குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது.

“அந்த ஆள் ஞாயித்துக்கிழமை போயிடுவான், நெல்சி. நாமதான் இந்த ஊர்ல இருக்கணும்.”

“அவர் பேரு நோட்டுல ஏறும், அண்ணா.”

“தொலுக்காவுல யாரு நம்ம நோட்டைப் படிக்கப் போறாங்க?”

இரண்டு இரவும் அவளுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த மேகக் கண்கள்... தண்ணீரிலிருந்து கப்பிக்கு, கப்பியிலிருந்து அவள் முகத்துக்கு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊர்க்குழுக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் கூட்டம் கூடியது. மெரிதா நகருக்குப் போகும் வேனும் அதே வாசலில்தான் நிற்கும். உலிசெஸ் பையோடு ஓரமாக நின்றிருந்தான். தோன் செல்சோ நோட்டைப் பிரித்து அவன் பெயரைப் படித்தபோது, நெல்சி எழுந்து நின்றாள். அண்ணன் அவள் பாவாடை ஓரத்தைப் பிடித்து இழுத்தான். பிறகு... விட்டுவிட்டான்.

“அவர் இறங்கலை. அது பன்னிக் கொழுப்பு. கப்பிக்கு நான்தான் தடவினேன்.”

தோன் செல்சோ கண்ணாடியைக் கழற்றினார். உன் முறை என்னவாகும் என்று தெரிந்துதான் சொல்கிறாயா என்று கேட்டார். தெரியும் என்றாள். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள், நானும் என் முறையில் கொழுப்புதான் தடவுவேன் என்றார். இன்னொருவர், நானும். தோன் செல்சோவின் மனைவி கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

விதி விதிதான், ஆனால் தப்பு ஊருக்கே பொது. காவிச் வீட்டுக்கு அக்டோபரில் வரவேண்டிய அடுத்த முறை ரத்து, அதற்குப் பிறகு வழக்கம்போல என்று தீர்ப்பானது. ஒரு முறை. வில்பெர்த் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உலிசெஸின் தடையும் நீங்கியது. அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் தோன் செல்சோ பெருமூச்சு விட்டு, எண்ணெயே வேண்டாத கப்பி என்று உலகத்தில் ஏதாவது உண்டா என்று பொதுவாகக் கேட்டுவிட்டார்.

ஓரத்தில் நின்ற உலிசெஸ் பையைக் கீழே வைத்தான்.

உண்டு என்றான். சக்கரத்துக்கு நடுவில் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள், அவற்றை மூடிய இரண்டு தகடுகள், உள்ளே வைத்த பசை வெளியே வராது, வெளித் தூசி உள்ளே போகாது... தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படம் போட்டான். பதினான்கு குடும்பமும் சுற்றிக் குனிந்து பார்த்தது. வேன்காரர் மூன்று தடவை ஹாரன் அடித்தார். நாலாவது தடவை அடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் கலைந்து, தாழ்வாரத்தில் அவர்கள் இருவரும் வேன் போன திசையும்தான் மிச்சம்.

“போச்சு. அடுத்த வேன் மூணு மணிக்குத்தான்,” என்றாள் நெல்சி. சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் உடைந்தது. “ஏன் அன்னைக்குச் சொல்லலை? கப்பின்னு தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“கப்பி அழுவுதுன்னு உங்களைச் சீண்டினது நான்தானே. நான் சும்மா இருந்திருந்தா, நீங்க அதைத் தொட்டே இருக்க மாட்டீங்க.”

“அதுக்காக? ஊர் முன்னாடி கைநீட்டிக் காட்டினேன். ‘நான் இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

“சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்க முகத்தைப் பார்த்தேன்.” சுண்ணாம்பு ஒட்டிய விரல்களைத் தேய்த்துக்கொண்டான். “அப்புறம் வேற ஒண்ணும் வரலை.”

ஓட்டு விளிம்பிலிருந்து மழை கயிறு கயிறாக இறங்கியது. நெல்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப என்ன லாபம்? முறையும் போச்சு.”

“ஒரு முறைதானே.”

“அந்த வாரம் பூரா நான் என்ன செய்யறது? பதினாறு வயசுலேர்ந்து முறை வாரத்துல நான் வீட்டுல உட்கார்ந்ததில்ல.”

அவன் அதை ஒரு பழுதைப் போலவே யோசித்தான். அந்த வாரம் கடற்கரைக்குப் போகலாம் என்றான். நல்ல ஓய்வு கிடைக்கும் என்றான். நெல்சிக்குத் தலையை எதிலாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“தொலுக்காவுக்கு வரேன்னு சொல்றேன்.”

“எங்க ஊருக்கா? அங்க பார்க்க என்னங்க இருக்கு?”

“உன்னைத்தான் பார்க்கணும்.” ‘நீங்க’ எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. “ஒரு வாரமா நீ எப்ப வருவேன்னு வாசலைப் பார்த்திட்டு, வந்ததும் திட்டறேன். உன்னைப் பிடிச்சிருக்கு. இதையும் கூட்டத்துல எழுந்து நின்னு சொல்லணுமா?”

அவன் வாய் திறந்தது. மூடியது. லிஃப்டைப் பற்றிக் கேட்டால் வேன் போகும்வரை பேசுகிறவனுக்கு, இப்போது பார்த்து வார்த்தை கிடைக்கவில்லை. மழையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“எனக்கும்...”

“எனக்கும்னா?”

“எனக்கும்தாங்க...”

“முழுசா சொல்லு. மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு.”

அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, தடுமாறாமல், அவள் பெயரோடு சேர்த்து முழு வாக்கியமாகச் சொன்னான். சரியாகக் கேட்கவில்லை, மழைச் சத்தம் என்று சொல்லி, நெல்சி அதை அவனிடம் இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.